நிரோஷாவோட செடிகளும் உன் கோவமும்

தம்பி,

இந்தக் கடதாசி உன் கைக்கு வர்றதுக்குள்ள உனக்கு விசயம் தெரிஞ்சிருக்கும். ஆனாலும் என் வாயாலயே சொல்லிடுறேன். உன் பொண்டாட்டி நிரோஷா இப்ப நம்ம லயத்து வீட்டுக் காம்பராவுல இல்ல. நேத்துக் காலையில நுவரெலியா பஸ்ஸுல ஏறிப் போயிருச்சு. கல்யாணத்துக்கு முந்தி வேலை செஞ்ச அதே பூச்செடித் தோட்டத்துக்குத்தான் திரும்பப் போயிருக்கு. அதுவா போகல. நான்தான் பையத் தூக்கிக்கிட்டு லிந்துலை டவுன் வரைக்கும் கூட நடந்து போயி ஏத்தி விட்டேன். "அப்பாவ விட்டுட்டு வேலைக்குப் போறதா இருந்தா அப்படியே உங்க அம்மா வீட்டுக்குப் போயிரு, இந்தப் பக்கம் திரும்பி வராத"ன்னு நீ போன்ல சொன்னியே, அதுக்கு அப்புறந்தான் அனுப்புனேன். நீ சொன்னது என் காதுல விழலன்னு நெனைச்சியா? அந்தப் புள்ள கையில வேலையா இருந்ததால போன சத்தமா வச்சு அடுப்புத் திண்டு மேல வச்சிருந்துச்சு. நான் பக்கத்துல வெறகு அடுக்கிக்கிட்டு இருந்தேன்.

உன் கூட்டாளி சிவா லீவு முடிஞ்சு வெள்ளிக்கிழமை கத்தாருக்குத் திரும்புறான். அவன் கையில குடுத்து அனுப்புறேன். போன்ல இதப் பேச முடியாது தம்பி. நீ ஷிப்ட் முடிஞ்சு பாதித் தூக்கத்துல இருப்ப. நான் ஒரு விசயத்த ஆரம்பிச்சா "சரிப்பா, சரிப்பா"ன்னு சொல்லி முடிச்சுடுவ. இங்க மழ பிடிச்சா சிக்னலும் போயிரும். எழுதுனா நீ நடுவுல குறுக்க பேச முடியாது, அது ஒரு வசதி. நான் அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவன், எழுத்து கோணலாத்தான் இருக்கும். எழுத எழுத கையும் வலிக்குது. ஆனா இத எழுதாம இருந்தா வேற ஒண்ணு வலிக்கும்போல இருக்கு, அதனால பொறுமையா படி.

நீ கல்யாணத்துக்கு வந்த லீவு முடிஞ்சு போன பிறகு, அந்தப் புள்ள ஒரு நாள் ஹட்டன்ல அதோட அம்மா வீட்டுக்குப் போயிட்டு, ஒரு பிஸ்கட் பெட்டிய மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸுல வந்து எறங்குச்சு. அந்த வளைவுல எல்லாம் பெட்டிய ஆடவிடாமப் பிடிச்சுக்கிட்டே வந்திருக்கு. நான் பலகாரம்னு நெனைச்சேன். தொறந்தா மூணு செடி. ஒவ்வொண்ணும் உள்ளங்கை அளவு. தண்டுன்னு ஒண்ணு வெளியில தெரியல. தடிச்ச இலை ஒண்ணு மேல ஒண்ணா சுத்திச் சுத்தி அடுக்கி, ரோசாப்பூ விரிஞ்ச மாதிரி இருந்துச்சு. ஒண்ணு ஊதாவும் ரோஸும் கலந்த நிறம், ஒண்ணு சாம்பல் பூத்த நீலம், இன்னொண்ணு பச்சை, ஓரம் மட்டும் செவப்பு. எச்சிவேரியான்னு பேரு சொல்லுச்சு. என் வாயில நுழையல. "ரோசாச் செடின்னே சொல்லிக்கிறேன் புள்ள"ன்னேன். "இது ரோசா இல்லீங்க மாமா, வேற வகை"ன்னுச்சு. "ரோசா ஒண்ணும் கோவிச்சுக்காது"ன்னேன். அன்னைக்குத்தான் அது எங்கிட்ட மொதத் தடவையா சிரிச்சுச்சு. உங்க அம்மா போனதுக்கு அப்புறம் இந்தக் காம்பராவுல ஒரு பொம்பளப் புள்ள சிரிச்ச சத்தம் கேட்டது அன்னைக்குத்தான்.

அந்தச் செடிய நான் என்ன பாடு படுத்துனேன்னு உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. அந்தப் புள்ள சொல்லாது. நான் வேலை செஞ்ச காலம் பூரா தேயிலைக் கன்னு நர்சரியிலதான்னு உனக்குத் தெரியும். மழைக் காலத்துல கொழுந்துல கொப்புள நோய் வந்தா எலைக்கு அடியில வெள்ளையா மாவு மாதிரி பூக்கும். அதப் பாத்துட்டா எங்களுக்குச் சோறு எறங்காது. அந்த நீலச் செடியப் பாத்தா எல்லா எலையிலயும் வெள்ளை மாவு. அந்தப் புள்ள பீலிக்குத் தண்ணிக்குப் போயிருந்த நேரம், பழைய வேட்டித் துணிய நனைச்சு, ஒவ்வொரு எலையா உள்ளயும் வெளியயும் தொடைச்சு எடுத்தேன். பளபளன்னு ஆயிருச்சு. வந்ததும் பெருமையா கூப்பிட்டுக் காட்டுனேன். அதுக்கு மொகம் செத்துப் போச்சு. அப்புறம் சொல்லுச்சு, அது நோய் இல்லையாம், அந்தச் செடி தானே தன் மேல பூசிக்கிற பவுடராம். வெயில் சுடாம, மேல தண்ணி ஒட்டாம காக்குறது அதுதானாம். ஒருக்கா வெரல் பட்டு அழிஞ்சா அந்த எலையில திரும்ப வராதாம். புது எலை நடுவுல வந்து, பழசு கீழ எறங்கிக் காயிற வரைக்கும் என் கைத்தடம் அப்படியே இருந்துச்சு. நான் தினமும் அதப் பாத்துக்கிட்டேதான் தேத்தண்ணி குடிச்சேன்.

அதோட விட்டேனா? அழிச்சதுக்குப் பதிலா பத்துச் செடி பெருக்கிக் குடுத்துடணும்னு ஒரு வீம்பு. அந்தப் புள்ள அம்மாவுக்கு மேலுக்கு முடியலன்னு ஹட்டனுக்குப் போயிருந்துச்சு. நர்சரியில நாங்க எப்படிச் செய்வோம்? தாய்ச்செடியில இருந்து ஒரு எலையோட ஒரு துண்டுத் தண்டு வெட்டி, பையில மண்ண நெரப்பி நட்டு, நல்லாத் தண்ணி விட்டு, மேல பொலித்தீன் போட்டு காத்துப் புகாம மூடி, அதுக்கு மேல நெழலுக்குப் பன்னத் தழை போட்டு வச்சுடுவோம். உள்ள வேர்த்து ஈரமாவே இருக்கணும். அதே மாதிரி அந்த ஊதாச் செடியில இருந்து எலையப் பிச்சுப் பிச்சு, பாதி பொதைச்சு, தண்ணி ஊத்தி, மூடி வச்சேன். தோட்டம் பூரா நிக்கிற தேயிலையில என் கை பட்ட கன்னு எவ்வளவோ இருக்கு, இந்தச் சின்னச் செடி எம்மாத்திரம்னு ஒரு நெனைப்பு. அந்தப் புள்ள திரும்பி வந்த அன்னைக்கு மூடுனதத் தொறந்தா எலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டதும் கஞ்சியா கரைஞ்சு போச்சு. தாய்ச்செடி மொட்டையா நிக்குது. அது அந்த மொட்டைச் செடியத் தூக்கிப் பாத்துட்டு, "பரவால்லீங்க மாமா"ன்னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு. அந்தப் பரவால்லங்கிற வார்த்தைய இந்த வீட்டுல அது எத்தன தடவ சொல்லியிருக்கும்னு இப்பத்தான் யோசிக்கிறேன்.

அப்புறம் அது எப்படிச் செய்யுதுன்னு பக்கத்துல உக்காந்து பாக்க ஆரம்பிச்சேன். வேற என்ன வேலை எனக்கு? நம்ம மண்ணு தண்ணியப் பிடிச்சு வச்சுக்கிற மண்ணு, இதுக்கு ஆகாது. பாதிக்கு மேல ஆத்து மணல், ஒடைச்ச செங்கல், அடுப்புக் கரித் துண்டு எல்லாம் கலந்து, தயிர்ச் சட்டிக்கு அடியில ஓட்டை போட்டு நெரப்பும். எலைய அடி பிஞ்சுடாம ஆட்டி ஆட்டி முழுசா எடுக்கும். எடுத்ததும் நடாது. ஒரு காஞ்ச பேப்பர்ல, வெயில் நேரா விழாத எடத்துல சும்மா போட்டு வச்சுடும். காயம் காயணுமாம். எனக்கு அதப் பாத்தா பதறும். நர்சரியில வெட்டுன துண்டு வாடிட்டா அன்னைக்குக் கங்காணி ஆடுற ஆட்டத்துல எங்களுக்குக் கூலிக்குப் பேரு போட மாட்டாங்க. இது என்னடான்னா வாட விட்டு வேடிக்க பாக்குது. காயம் ஆறுனதும் காஞ்ச மண்ணு மேல படுக்க வைக்கும், பொதைக்காது. அதுக்கு மேல ஒண்ணும் செய்யாம இருக்கணும். கொஞ்ச நாள்ல எலை அடியில ரோஸ் நிறத்துல நூல் மாதிரி வேர் வரும், கூடவே பொட்டு அளவுல ஒரு குட்டி ரோசாவும் வரும். அப்புறந்தான் சொட்டுத் தண்ணி. பழைய எலை தானா சுருங்கிக் காயிற வரைக்கும் அதப் பிடுங்கவும் கூடாது.

தண்ணி விசயத்துலதான் எனக்கும் அதுக்கும் சண்டை. எனக்கு வேலைக்குப் பேரு குடுக்க இருட்டோட பெரட்டுக்குப் போன பழக்கம் இன்னும் விடல, விடியிறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துரும். எந்திரிச்சா கை சும்மா இருக்காது, வாளியத் தூக்கிடும். அந்தப் புள்ள வெரல மண்ணுக்குள்ள விட்டுப் பாத்து, உள்ள வரைக்கும் காஞ்சிருந்தாத்தான் ஊத்தும். ஊத்துனா அடி ஓட்டையால வெளிய வர்ற அளவுக்கு ஊத்தும். அடுக்கு நடுவுல ஒரு சொட்டு நின்னாலும் குனிஞ்சு ஊதி விடும். நடுவுல தண்ணி நின்னா குருத்து அழுகிருமாம். ரெண்டு மூணு தடவ சொல்லிப் பாத்துச்சு. கடைசியில என் தண்ணிச் சொம்ப ஒளிச்சு வச்சிருச்சு. "மருமக மாமனாருக்குத் தண்ணி குடுக்கலன்னு லயம் பூரா சொல்லிருவேன்"னு மெரட்டுனேன். "செடிக்கு ஊத்தலன்னா உங்களுக்குக் குடுக்கிறேங்க மாமா"ன்னுச்சு. நல்ல வாய் தம்பி அதுக்கு. நீ போன்ல கேக்கிற அந்தக் குரலுல அந்த வாய் இருக்காது.

ஒரு தடவ மொதல்ல கொண்டு வந்த ஊதாச் செடி, நான் மொட்டையாக்கினது, திரும்பத் தழைச்சு, ஆனா கழுத்து நீண்டு ஒரு பக்கமா சாஞ்சு போச்சு. ஒரு நாள் அந்தப் புள்ள தையல் நூல எடுத்து அந்தக் கழுத்துல சுத்தி இறுக்கி இழுத்துச்சு. தலை தனியா கையில வந்துருச்சு. நான் பதறிப் போயிட்டேன். தலையக் காய வச்சு வேற சட்டியில வச்சுச்சு, அடிக்கட்டைய அப்படியே விட்டுச்சு. பாத்தா அந்தக் கட்டையச் சுத்தி நாலஞ்சு குட்டி வெடிச்சு வருது. "இது கவ்வாத்து தானே புள்ள. தேயிலைய இப்படி வெட்டித்தானே தழைக்க விடுவோம்"னேன். "ஆமாங்க மாமா, உங்க வேலதான்"னுச்சு. அன்னைக்கு எனக்கு ஒரு சந்தோசம். அதுக்கு அப்புறம் முன்வாசல் இஸ்தோப்பு பூரா சட்டியாப் போச்சு. மூங்கில் நட்டு, மழைக்கு முன்பக்கம் கண்ணாடி மாதிரி பொலித்தீன் கட்டி, எல்லாம் அதுவே செஞ்சுச்சு. நீ வீடியோல பாத்து "அப்பா, நம்ம லயமா இது"ன்னு கேட்டியே, அது அப்ப.

நீ பாத்தது பனிக் காலத்துல. தை மாசம் மழ விட்டு, பகல்ல சுள்ளுனு வெயிலும் ராத்திரி குளிரும் அடிக்கிறப்பத்தான் அதுக்கு அந்த நிறம் ஏறும். ரொம்பப் பனி கொட்டுற அன்னைக்கு அந்தப் புள்ள சாக்கு போத்தி வைக்கும், இல்லன்னா எலை கருகிரும். கோயில் திருவிழாவுக்கு வந்த ஒரு பள்ளிக்கூடத்து மாஸ்டர் அதப் பாத்துட்டு, "பாத்தீங்களா ஐயா, கஷ்டப்பட்டாத்தான் அழகுன்னு செடியே சொல்லுது"ன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம். பெரிய மனுசன்னு விட்டுட்டேன். எங்களப் பாத்து இதச் சொல்லாத ஆளே கிடையாது தம்பி. உழைப்பாளி, பொறுமைசாலி, குளிரு மழன்னு பாக்காம... கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. கஷ்டப்பட்டு உங்க அம்மாவுக்கு என்ன நிறம் ஏறுச்சு? இடுப்பு வலியும் இருமலும் ஏறுச்சு. அந்தச் செடிக்கு வெயிலும் குளிரும் அளவா வேணும், அவ்வளவுதான். அத யாரும் பாடமா சொல்ல வேணாம்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். சித்திரை வருசம் முடிஞ்சதும் நுவரெலியாத் தோட்டத்து மொதலாளி நோனா போன் பண்ணுனா. இந்த ரோசாச் செடிக்குன்னே ஒரு பெரிய கூடாரம் போட்டிருக்காங்களாம். அது பூராவையும் நிரோஷாவே பொறுப்பா பாத்துக்கணுமாம். மத்தப் பொம்பளப் புள்ளைங்களோட தங்குறதுக்கு அறையும் குடுப்பாங்களாம். பேசி முடிச்சுட்டு வந்து, "மாமா, அவருகிட்டக் கேக்கணும்"னு மட்டும் சொல்லுச்சு. அன்னைக்குப் பூரா அது காலு தரையில இல்ல. பாத்திரம் கழுவுறப்பவும் தானா சிரிச்சுக்குது. சாயந்தரம் உங்கிட்டக் கேட்டுச்சு. நீ வேணாம்னுட்ட. ரெண்டாவது தடவ கேட்டப்ப, "நான் வெளிநாட்டுல இருக்கேன், என் பொண்டாட்டி சட்டிக்கு மண்ணு அள்ளப் போறாளான்னு கேக்க மாட்டாங்களா"ன்ன. மூணாவது தடவதான் அந்த அம்மா வீட்டுப் பேச்சு. போன வச்சதும் அது என்னைப் பாக்கல. ரொட்டிய அடுப்புல திருப்பிப் போட்டுச்சு.

அப்ப நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஒண்ணும் செய்யல. வெறகத் தள்ளி விட்டேன். உண்மையச் சொன்னா, உள்ளுக்குள்ள எனக்கு நிம்மதியா இருந்துச்சு. எனக்கு இழுப்பு வந்தா நெஞ்சத் தேய்ச்சு விட, டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போக ஆள் இருக்கும். சோறு ஆறாம வரும். நீயும் நானும் ஆளுக்கொரு பக்கமா சேந்து அந்தப் புள்ளைய இந்தக் காம்பராவுல பிடிச்சு வச்சிருந்தோம். நீ சத்தம் போட்டுப் பிடிச்ச, நான் சத்தம் போடாமப் பிடிச்சேன். எது மோசம்னு எனக்குத் தெரியல.

உன் மனசு எனக்குப் புரியாம இல்ல. உங்க அம்மா செத்தப்ப உனக்கு லீவு கெடைக்கல. நீ போன்லயே அழுததும், குழியில மண்ணு போடுறத அப்ப லீவுல வந்திருந்த சிவா வீடியோல காட்டுனதும் எனக்கு மறக்கல. அன்னையில இருந்து அப்பாவையாவது பாத்துக்கணும்னு நீ கெடந்து தவிக்கிற. அது நல்ல மனசுதான், நான் இல்லங்கல. ஆனா பாத்துக்கிறது யாரு? நீயா? உன் தவிப்ப நீ அந்தப் புள்ள முதுகுல ஏத்தி விட்டிருக்க. அதுக்கும் ஹட்டன்ல ஒரு அம்மா இருக்காங்க, அவங்களுக்கும் மேலுக்கு முடியாமத்தான் கெடக்குது. அவங்களப் பாக்க ஒரு வாரம் போனதுக்கே நீ எப்ப வருவ, எப்ப வருவன்னு விடாம போன் போட்டவன்.

அந்தப் பேச்சுக்கு அப்புறம் மழ தொடங்கிருச்சு. ஆனி மாசத்து மழ உனக்குத் தெரியும், வெளுக்கவே வெளுக்காது. சட்டிய எல்லாம் உள்ள தூக்கி அடுப்படி ஜன்னல் ஓரமா வச்சோம். போன வருசம் கொஞ்சம் வெளிச்சம் தெரிஞ்சாலே அது ஒவ்வொண்ணாத் தூக்கி வெளிய வச்சு, திருப்பி வச்சு, மழைக்கு முன்னாடி உள்ள கொண்டு வந்துரும். இந்த வருசம் தூக்கல. நான் சொன்னா, "பரவால்லீங்க மாமா, கெடக்கட்டும்"னுச்சு. மாசம் ஒண்ணு போச்சு. பக்கத்துக் காம்பரா பாக்கியம் உப்பு வாங்க வந்தவ, "அடேயப்பா, செடியெல்லாம் நல்லா வளந்திருச்சே"ன்னா. நான் திரும்பிப் பாத்தேன். வளந்துதான் இருந்துச்சு. ஆனா ஊதாவும் இல்ல, நீலமும் இல்ல, எல்லாம் ஒரே வெளிறின பச்சை. இறுக்கமா அடுக்குன எலையெல்லாம் எட்ட எட்டப் போயி, கழுத்து நீண்டு, அத்தனையும் ஜன்னல் பக்கமே சாஞ்சு நிக்குது. தேயிலைக்காரனுக்கு உசரமா வந்தா வளர்ச்சிதான். நானும் மூணு வருசத்துக்கு முந்தி பாக்கியம் சொன்னதத்தான் சொல்லியிருப்பேன். இப்பத் தெரியும், அது வளர்ச்சி இல்ல, வெளிச்சம் தேடுறது. அந்தச் செடிதான் உன் பொண்டாட்டின்னு நான் சொல்ல வரல. செடிக்கு வாய் இல்ல. அந்தப் புள்ளைக்கு வாய் இருக்கு, மூணு தடவ தொறந்து கேட்டுச்சு. நாம மூட வச்சோம்.

பாக்கியம் போனதும் நான் நேரடியாவே கேட்டுட்டேன். "நுவரெலியாவுக்குப் போறியா புள்ள?"

"அவருதான் சொல்லிட்டாரேங்க மாமா."

"அவன் சொன்னது இருக்கட்டும். நீ சொல்லு."

கையில இருந்த துணிய மடிச்சுச்சு, பிரிச்சுச்சு. அப்புறம், "எனக்குப் போகணுங்க மாமா"ன்னுச்சு. சொல்லிட்டு அழ ஆரம்பிச்சிருச்சு. "ஆனா உங்களுக்கு இழுப்பு வந்தா?"ன்னு அழுகையோடயே கேட்டுச்சு. நான் பொய் சொல்லல தம்பி. "எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ இல்லாட்டி இந்த வீடு எனக்குப் பிடிக்காது. ஆனா நான் பயப்படுறேன்னு நீ இங்க கெடக்க வேணாம். போ"ன்னேன். "அவரு என்னை வேணாம்னுட்டா?"ன்னு கேட்டுச்சு. அதுக்குப் பதில் உங்கிட்டத்தான் இருக்கு. அதுக்குத்தான் இவ்வளவு கோணல் எழுத்தும்.

இங்க நான் எப்படி இருக்கேன்னு கேப்ப. இழுப்புக்கு உறிஞ்சிற மருந்து சட்டைப் பையிலயே இருக்கு. பாக்கியம் காலையிலயும் சாயந்தரமும் கதவத் தட்டிப் பாக்குறேன்னு சொல்லியிருக்கா. இன்னைக்குக் காலையிலயே நான் உடனே குரல் குடுக்கலன்னு ஊரக் கூட்டிட்டா, அவ அப்படிப்பட்டவ. நுவரெலியா ஒண்ணும் கத்தார் இல்ல, பஸ் ஏறுனா வந்துரலாம். லீவு நாள்ல வர்றேன்னு சொல்லியிருக்கு. நேத்து பஸ் ஸ்டாண்டுல ஒரு கை நெறையச் சட்டியோட அது ஏறுறப்ப, டிரைவர் "மல் கடேத?"ன்னு சிங்களத்துல கேட்டான், பூக்கடையான்னு. அது சிரிச்சுக்கிட்டே அவனுக்குச் சிங்களத்துல என்னவோ பதில் சொல்லுச்சு, பஸ்ஸே சிரிச்சுச்சு. எனக்கு வெளங்கல. பஸ் திரும்புற வரைக்கும் நின்னுட்டு நடந்து வந்தேன். மேட்டுல ரெண்டு எடத்துல உக்காந்து உக்காந்துதான் வர முடிஞ்சுது. வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் இஸ்தோப்புலயே உக்காந்திருந்தேன். உள்ள போகப் பிடிக்கல.

கோவப்படுறதா இருந்தா எங்கிட்டப் படு. எனக்கு வயசாயிருச்சு, உன் கோவத்தத் தாங்குறதத் தவிர வேற பெரிய வேலை இல்ல. அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்த ஏறக்கொறையப் பேசிறாத. நீ கட்டுன தாலிய எனக்குக் கஞ்சி காய்ச்சுறதுக்குக் கட்டல. அது உன்னோட வாழ வந்த புள்ள. அடுத்த ரெண்டு வருசத்துக்கும் அங்கயே வேலை செய்ய நீ கையெழுத்துப் போடப் போறேன்னு சொன்ன. போடுறதுக்கு முந்தி அதுகிட்டக் கேளு. எங்கிட்டக் கேக்காத. என் பதில் எப்பவும் எனக்குச் சாதகமாத்தான் வரும்.

ஒண்ணே ஒண்ணு சொல்லி முடிச்சுடுறேன், கை விட்டுப் போச்சு. மூணு வருசமா நீ எடுக்குற ஒவ்வொரு போனையும் நான் பக்கத்துல இருந்து கேட்டிருக்கேன். நீ அதுகிட்ட மொதல்ல கேக்கிறது "அப்பா சாப்பிட்டாரா?" அடுத்தது "மருந்து குடுத்தியா?" அது சாப்பிட்டுச்சான்னு நீ ஒரு நாளும் கேட்டு நான் கேக்கல. நானும் கேட்டதில்ல, எனக்குப் போட்டத தின்னுட்டு எந்திரிச்சுப் போயிருவேன். இனிமே நான் சாப்பிட்டேனான்னு எங்கிட்டயே கேளு, சொல்றேன். அதுக்குப் போன் போட்டு, "நீ சாப்பிட்டியா?"ன்னு கேளு. சட்டுனு பதில் வராது. வர்ற வரைக்கும் போன வைக்காத.

உன் அப்பா